லூயிஸ் ஜோர்டனை எந்த வரிசையில் வைப்பது? (விவாத இழை)

நெய்தல் எழுதியது:

ஸ்விங் காலத்து இசையை, அதாவது 1930, 40களில் பெரிய ஜாஸ் குழுக்கள் வாசித்த நடன இசையை, பற்றி இங்கே பேசும்போதெல்லாம் டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மன் ஆகிய பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் சாக்சபோன் கலைஞருமான லூயிஸ் ஜோர்டனின் பெயர் அபூர்வமாக வந்தாலும், ராக் அண்ட் ரோலுக்கு வழிவகுத்தவர் என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பின்னால் வந்த ஒன்றுக்கு முன்னுரையாக மட்டுமே ஒரு கலைஞரைப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்று நான் நினைப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1908 ஜூலை 8 அன்று ஆர்க்கன்சா மாநிலத்தின் பிரிங்க்லி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஜோர்டன் இசையாசிரியர். ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவை நடத்தியவர். ராபிட் ஃபுட் மின்ஸ்ட்ரெல்ஸ் என்ற ஊர் ஊராகச் செல்லும் கறுப்பினக் கேளிக்கைக் குழுவின் இசைக்கும் பொறுப்பாக இருந்தவர். மகன் முதலில் கிளாரினெட்டும் பிறகு சாக்சபோனும் கற்றுக்கொண்டு, இளவயதிலேயே அந்தக் குழுவோடு பயணம் செய்தார். பாடுவது, ஆடுவது, கதை சொல்வது, வாத்தியம் வாசிப்பது ஆகியவற்றைத் தனித்தனிக் கலைகளாகப் பிரித்துப் பார்க்காத மேடை அது. பிற்கால ஜோர்டனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே எனக்குப் பாதி திறவுகோலாகத் தோன்றுகிறது.

1930களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் வந்த அவர், 1936இன் இறுதியில் தாளக்கலைஞர் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்தார். ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் கோலோச்சிய அந்தக் குழுவில்தான் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகியும் பாடிக்கொண்டிருந்தார். ஜோர்டன் அங்கே ஆல்ட்டோ, சொப்ரானோ சாக்சபோன்களை வாசித்ததோடு சில இசைத்தட்டுகளில் பாடவும் செய்தார். தனிக்குழு தொடங்கும் எண்ணத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டையும் வேறு சிலரையும் தன் பக்கம் இழுக்க முயன்றதை அறிந்த வெப், 1938இல் அவரை விலக்கிவிட்டார்.

அதன்பின் லெனாக்ஸ் அவென்யூ 464ஆம் எண் கட்டடத்தில் இருந்த எல்க்ஸ் ரான்டேவூ விடுதியில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. ஒன்பது பேரோடு தொடங்கிய குழு ஆறு பேராகச் சுருங்கியது. 1938 டிசம்பரில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக முதல் தட்டு பதிவாயிற்று. தாளக்கலைஞர் வால்ட்டர் மார்ட்டின் டிம்பனி முரசுகளைப் பயன்படுத்தியதால் குழுவுக்கு டிம்பனி ஃபைவ் என்று பெயர் வந்தது. ஐவர் என்ற கணக்கு அநேகமாக எப்போதும் மீறப்பட்டது.

பெரிய ஸ்விங் குழுவின் ஒழுங்கையும் உந்துவிசையையும் சிறு குழுவுக்குள் அடக்கிக் காட்டிய கடைசிப் பெரும் ஸ்விங் தலைவராகவே ஜோர்டனை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பழந்தட்டு எழுதியது:

நெய்தல் அவர்களே, சவாய் அரங்கின் பயிற்சி ஜோர்டனை உருவாக்கியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவரை வளர்த்த இடங்களுள் நடன அரங்கத்துக்கு அடுத்தபடியாக மதுவிடுதியையும், காசு போட்டால் தட்டு பாடும் பெட்டியான ஜூக்பாக்ஸையும் வைத்தே ஆகவேண்டும். அப்படி வைத்தால் உங்கள் வரிசை சற்றுக் கலைந்துவிடும்.

1940களின் தொடக்கத்தில் அவருடைய மேலாளரான பெர்ல் ஆடம்ஸ், சிகாகோவின் கேப்பிட்டல் லவுஞ்சில் மில்ஸ் பிரதர்ஸ் என்ற பாடகர் குழுவின் நிகழ்ச்சிக்கு முன் வாசிக்கும் வாய்ப்பைப் பெற்றுத் தந்தார். அதைவிட முக்கியமானது, அயோவா மாநிலத்தின் சீடர் ரேப்பிட்ஸ் நகரில் ஃபாக்ஸ் ஹெட் டேவர்ன் என்ற விடுதியில் கிடைத்த தொடர் நிகழ்ச்சி. நியூயார்க் விமர்சகர்களின் கண்ணுக்கு எட்டாத அந்த ஊரில்தான் வேடிக்கைப் பாடல்களையும் அங்க அசைவுகளையும் குழுவினரோடு பேசும் குறும்பு உரையாடல்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, பார்வையாளர்களிடம் எது எடுபடுகிறது என்று அவர் கண்டறிந்தார்.

1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், தன் உறுப்பினர்கள் இசைத்தட்டுகளுக்கு வாசிக்கக் கூடாது என்று ஒலிப்பதிவுத் தடையை அறிவித்தது. 1943 இலையுதிர் காலத்தில் டெக்கா சங்கத்தோடு உடன்பட்டபோது, பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் இன்னும் ஓராண்டுக்கும் மேலாக வாய்மூடி நிற்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளி டெக்காவில் இருந்த ஜோர்டனுக்குப் பெரும் பேறாக அமைந்தது. போர்க்காலப் பங்கீட்டைப் பற்றிய 'ரேஷன் ப்ளூஸ்', அடுத்து 1944இல் 'ஜி. ஐ. ஜைவ்', அதே தட்டின் மறுபக்கத்தில் 'இஸ் யூ இஸ் ஆர் இஸ் யூ எய்ன்ட் மை பேபி' எனத் தொடர்ந்து வெளிவந்தன. கடைசியாகச் சொன்னதை பில்லி ஆஸ்டினோடு சேர்ந்து எழுதியவர் ஜோர்டனே. 1946இல் டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் ஒன்றில் டாம் பூனை பாடுவதும் இந்தப் பாட்டைத்தான். இங்கே பலர் ஜோர்டனின் பெயர் தெரியாமலேயே அதைச் சிறுவயதில் கேட்டிருப்பார்கள்.

பொருளாதாரத்தையும் பாருங்கள். பதினாறு பேருக்குச் சம்பளமும் பயணச் செலவும் கொடுக்க வேண்டிய குழுக்கள் போர் முடிந்ததும் திணறின. நடனம் நடக்கும் கேளிக்கை இடங்களின் மீது 1944இல் விதிக்கப்பட்ட கூட்டாட்சி வரி அவற்றை மேலும் நெருக்கியது. 1946 டிசம்பர் என்ற ஒரே மாதத்துக்குள் பென்னி குட்மன், வுடி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டோர்சி போன்றோர் தம் குழுக்களைக் கலைத்தார்கள். அதே மாதத்தில் ஜோர்டனின் 'எய்ன்ட் நோபடி ஹியர் பட் அஸ் சிக்கன்ஸ்' நாடெங்கும் ஜூக்பாக்ஸ்களில் பரவிக்கொண்டிருந்தது. ஒரு காலம் முடியும்போது அதன் கடைசி மனிதராக நிற்பது வேறு, அடுத்த காலத்தின் வாசலைத் திறந்து உள்ளே போவது வேறு. ஜோர்டன் செய்தது இரண்டாவது என்றே நான் சொல்வேன்.

முல்லைத்தேர் எழுதியது:

இருவரும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் எனக்கு இவரைக் கேட்கும்போது நீங்காத ஒரு சங்கடம் இருக்கிறது, அதை வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். கோழிக்கூடு, மீன் வறுவல் விருந்து, குடி, சனிக்கிழமை இரவுக் கும்மாளம், தலைக்கனம் பிடித்த காதலி என்று அவர் பாடல்களில் வரும் பொருள்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். கறுப்பின மக்களைப் பற்றி வெள்ளையர்களின் மேடைகள் நூறாண்டாக வைத்திருந்த கேலிச் சித்திரத்துக்கு இவை மிக அருகில் நிற்கின்றன. அவருடைய தட்டுகள் வெள்ளையர்களிடமும் ஏராளமாக விற்றன என்னும்போது, அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பெரிய கலைஞர் என்று ஒப்புக்கொண்டே இதைக் கேட்கிறேன்.

நெய்தல் எழுதியது:

முல்லைத்தேர் அவர்களே, இது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்திலேயே கறுப்பினப் படித்த வகுப்பாரில் சிலருக்கு இத்தகைய பாடல்கள் உவப்பாக இல்லை. ஆனாலும் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டால் வேறொன்று தெரிகிறது.

கோழிப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் பின்னால் இருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் வந்துவிட்ட ஓர் இழிவான பழைய துணுக்கு: இருட்டில் கோழி திருட வந்த கறுப்பினத்தவர், பண்ணைக்காரர் குரல் கொடுத்ததும், இங்கே கோழிகளைத் தவிர யாரும் இல்லை என்று தானே பதில் சொல்லி மாட்டிக்கொள்வார். அலெக்ஸ் கிராமரும் ஜோன் விட்னியும் எழுதி ஜோர்டன் பாடிய பாட்டில் திருடனே கிடையாது. பேசுவது கோழிதான்; நாளைக்கு முட்டையிட வேண்டும், நிலத்தைக் கிளற வேண்டும், ஆயிரம் வேலை கிடக்கிறது, தூங்கவிடுங்கள் என்று துப்பாக்கியோடு நிற்கும் முதலாளியிடம் அது முறையிடுகிறது. உழைத்துக் களைத்த கூட்டத்தின் குரல் அது. பில்போர்டு இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் பதினேழு வாரம் முதலிடத்தில் இருந்த அந்தப் பாட்டைக் கேட்ட ஆலைத் தொழிலாளி தன்னை அந்தக் கோழியின் இடத்தில்தான் வைத்துச் சிரித்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'சூ சூ ச் பூகி' இன்னும் தெளிவானது. போர் முடிந்த மறு ஆண்டில் வெளிவந்த அந்தப் பாட்டின் நாயகன், பையை முதுகில் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து இறங்கி, செய்தித்தாளில் வேலை விளம்பரத்தைத் தேடுகிறான். இருப்பதோ தனித் திறமை கேட்கும் ஒரே ஒரு வேலை. தாளை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் தண்டவாளத்தின் பக்கம் போகிறான். வேலையில்லாமையைப் பற்றிய பாட்டுக்கு நாடே ஆடியது. பதினெட்டு வாரம் முதலிடம். 'சாட்டர்டே நைட் ஃபிஷ் ஃப்ரை' பாட்டில், நியூ ஆர்லியன்ஸ் நகர வீடொன்றில் விருந்துக்குப் போன அப்பாவிகள் காவல்துறையின் திடீர்ச் சோதனையில் அள்ளிக்கொண்டு போகப்பட்டுச் சிறையில் கிடக்கிறார்கள். பாடுபவர் அதை அலறலாகவோ முழக்கமாகவோ சொல்வதில்லை. தன் தலையிலேயே விழுந்த அடியை வேடிக்கையாக விவரிக்கிறார். கேட்பவர்களில் பலருக்கும் அப்படி ஓர் இரவு நேர்ந்திருக்கும். அந்தச் சிரிப்புக்குள் இருந்த உடன்பாடு வெளியிலிருந்து கேட்டவருக்கு முழுமையாக எட்டியிருக்க வேண்டிய தேவை இல்லை.

அவர் நடித்த 'பிவேர்', 'ரீட், பெட்டீட் அண்ட் கான்', 'லுக்-அவுட் சிஸ்டர்' ஆகிய படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1946, 1947 ஆண்டுகளில் முற்றிலும் கறுப்பின நடிகர்களைக் கொண்டு, கறுப்பினத் திரையரங்குகளை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை அவை. அங்கே அவர் அழகான உடையில், குழுவின் தலைவராக, மதிப்புக்குரிய மனிதராகவே தோன்றுகிறார்.

முல்லைத்தேர் எழுதியது:

கோழிப் பாட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதை இனி வேறு காதோடு கேட்பேன். பெண்களைப் பற்றிய பாடல்களில் என் கருத்து மாறவில்லை. 'கால்டோனியா' முழுவதும் ஒரு பெண்ணின் உருவத்தையும் பிடிவாதத்தையும் வைத்துச் செய்யப்பட்ட கேலி. 'பிவேர்' என்ற பாட்டு, பெண்ணிடம் சிக்கிக்கொள்ளாதே என்று ஆண்களுக்குச் சொல்லும் நீண்ட எச்சரிக்கை. அவற்றின் இசையை ரசிக்கலாம். பொருளுக்கு வாதாட முடியாது. விதிவிலக்காக ஒன்றைச் சொல்வேன்: எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோடு 1946இல் வெளியிட்ட 'ஸ்டோன் கோல்ட் டெட் இன் தி மார்க்கெட்'. வில்மத் ஹூடினியின் அந்தக் கலிப்சோ பாட்டில், கொடுமைக்காரக் கணவனை அடித்துக் கொன்றுவிட்ட பெண் சிறிதும் வருந்தாமல் பாடுகிறாள்; ஜோர்டன் கொல்லப்பட்டவனின் குரலாக வருகிறார். ஃபிட்ஸ்ஜெரால்டைத் தன் குழுவுக்கு இழுக்கப் பார்த்ததற்காக 1938இல் வேலையை இழந்தவர், ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அவரோடு சமமாக நின்று பாடியதைக் கேட்கும்போது மனம் நிறைகிறது.

வெண்கலக்குழல் எழுதியது:

நான் ஆல்ட்டோ சாக்சபோன் பயில்பவன் என்பதால் பாடல்களின் பொருளை விட்டுவிட்டு வாசிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

அவருடைய குழுவின் அடித்தளம் ஷஃபிள் என்ற நடை. ஒவ்வோர் அடியும் சமமான இரு பாதிகளாகப் பிரியாமல், முன்பாதி நீண்டும் பின்பாதி குறுகியும் விழும். பியானோவின் இடக்கை பூகி வூகி பாணியில் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் அடிக்கு அடி நடக்கும். இவை மூன்றும் இம்மி பிசகாமல் பூட்டிக்கொள்ளும்போதுதான் ஐந்தாறு பேரிடமிருந்து பெரிய குழுவின் விசை கிடைக்கும். 1940களின் பிற்பகுதியில் தாளம் வாசித்த கிறிஸ் கொலம்பஸ், பியானோவும் இசையமைப்பும் கவனித்த வைல்ட் பில் டேவிஸ், அவருக்குப் பின் வந்த பில் டாகெட் ஆகியோரின் பங்கு இதில் பெரிது. டேவிஸும் டாகெட்டும் பின்னாளில் ஹேமண்ட் ஆர்கனில் தனிப் பெயர் பெற்றவர்கள்.

ஜோர்டனின் ஆல்ட்டோ ஒலி பருத்தது, ஓரம் கூரானது. ஒரு சுற்றுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவார். பாடும்போதும் அதே சாக்சபோன்காரரின் மூளைதான் வேலை செய்கிறது. சொற்கள் ஒன்றுகூட மங்காமல், பேச்சுக்கு மிக அருகில் நின்று, அடிக்கு ஒரு மயிரிழை முன்னும் பின்னும் அசைகளை வைத்துச் சிரிக்க வைக்கிறார். 'கால்டோனியா' என்று பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் குரல் திடீரென்று உச்சத்துக்குத் தாவிக் கிறீச்சிடுகிறதே, அது நகைச்சுவையாகவும் இருக்கிறது, தனிவாத்தியத்தின் உச்ச ஸ்வரம் போலவும் விழுகிறது. அவருடைய நகைச்சுவையை இசையிலிருந்து உரித்தெடுக்க முடியாது என்பதற்கு எனக்கு அந்த ஓர் இடமே போதும்.

இன்னொரு செய்தி. டெனர் சாக்சபோன் மேதை சோனி ரோலின்ஸ் படித்த தொடக்கப்பள்ளி எல்க்ஸ் ரான்டேவூ விடுதிக்கு எதிரே இருந்தது. அங்கே மாட்டியிருந்த, சாக்சபோனோடு நிற்கும் ஜோர்டனின் புகைப்படம் சிறுவனான தன்னை ஈர்த்ததை ரோலின்ஸ் பல நேர்காணல்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். நவீன ஜாஸின் சிகரங்களுள் ஒருவர் முதலில் ஆசைப்பட்டது இந்த "வேடிக்கைப் பாடகரின்" வாத்தியத்துக்குத்தான்.

பழந்தட்டு எழுதியது:

வெண்கலக்குழல் அவர்களின் பதிவைப் படித்ததும் தட்டுகளை மறுபடி எடுத்துக் கேட்டேன். கித்தார்காரர் கார்ல் ஹோகனையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். 1946இல் வெளியான 'எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்' பாட்டின் தொடக்கத்தில் அவர் வாசிக்கும் கித்தார்த் துணுக்கைக் கேட்டுவிட்டு, 1958இல் ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெரி வெளியிட்ட 'ஜானி பி. கூட்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சக் பெரி இந்தக் கடனை மறைத்ததில்லை.

பாடலாசிரியர் என்ற நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோர்டன் பாடியவற்றில் பெரும்பகுதி பிறர் எழுதியவை. அவர் திறமையான தேர்வாளர். தாமே எழுதியவற்றிலும் பெயர் குழப்பம் உண்டு. ஒரு பதிப்பாளரோடு ஒப்பந்தம் இருந்த நிலையில் இன்னொரு பதிப்பாளருக்கும் பாடல் தரும் பொருட்டு, மனைவி ஃப்ளீசி மூரின் பெயரை ஆசிரியராகப் போட்டார். 'கால்டோனியா' அவர் பெயரில்தான் இருக்கிறது. 'லெட் த குட் டைம்ஸ் ரோல்' பாட்டில் சாம் தியர்டோடு அவர் பெயரும் இருக்கிறது. மணமுறிவுக்குப் பின் அந்தப் பாடல்களின் உரிமைத்தொகை ஜோர்டனின் கையை விட்டுப் போயிற்று. 1945இலேயே வுடி ஹெர்மனும் எர்ஸ்கின் ஹாக்கின்ஸும் 'கால்டோனியா'வைத் தட்டில் பதிந்தார்கள், பி. பி. கிங்கின் மேடைகளில் 'லெட் த குட் டைம்ஸ் ரோல்' பல்லாண்டு ஒலித்தது என்பதை நினைத்தால், இழப்பு எவ்வளவு பெரிது என்று விளங்கும்.

முல்லைத்தேர் எழுதியது:

பில்போர்டு இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் பதினெட்டுப் பாடல்கள் முதலிடம், அவை அங்கே இருந்த வாரங்களைக் கூட்டினால் 113 என்று படித்திருக்கிறேன். இத்தனை உயரத்தில் இருந்தவர் 1950களில் ஏன் அவ்வளவு விரைவாகக் கீழே வந்தார்? ராக் அண்ட் ரோல் வந்து அடித்துக்கொண்டு போயிற்று என்ற விடை எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

நெய்தல் எழுதியது:

அந்த விடை காலக்கணக்குக்கும் பொருந்தாது. அவருடைய கடைசி முதலிடப் பாட்டு 'ப்ளூ லைட் பூகி'. அது 1950ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலியின் அலை எழும்ப இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருந்தன. 1951இல், பெரிய குழுக்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு, ஜோர்டன் தமக்கென ஒரு பெரிய குழுவை அமைத்தார். எந்தச் சிக்கனம் அவரைக் காப்பாற்றியதோ அதையே கைவிட்ட முடிவு அது. ஆயினும் அதை வெறும் கணக்குப் பிழையாக நான் பார்க்கவில்லை. சிக் வெப்பின் வரிசையில் உட்கார்ந்து வாசித்த மனிதருக்கு, முழுப் பித்தளை வரிசையைத் தன் பின்னால் நிறுத்திப் பாட வேண்டும் என்ற ஆசை பதின்மூன்று ஆண்டுகளாக உள்ளே இருந்திருக்கிறது. பழந்தட்டு அவர்களே, அவர் தம்மை எந்த வரிசையில் வைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை. அந்தக் குழு நீடிக்கவில்லை. உடல்நலமும் தொடர் பயணத்துக்கு இடம் தரவில்லை.

1954இல் டெக்காவோடு இருந்த பதினைந்து ஆண்டு உறவு முடிந்தது. ஏப்ரல் 12 அன்று அதே டெக்காவுக்காக, நியூயார்க்கின் பித்தியன் டெம்பிள் ஒலிப்பதிவுக் கூடத்தில், பில் ஹேலி 'ராக் அரவுண்ட் த கிளாக்' பாட்டைப் பதிவு செய்தார். தயாரிப்பாளர் மில்ட் கேப்ளர். 1940கள் முழுவதும் ஜோர்டனின் தட்டுகளைத் தயாரித்தவரும், 'சூ சூ ச் பூகி' பாட்டின் ஆசிரியர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றவரும் அவர்தான். ஜோர்டன் குழுவின் துணுக்குகளை ஹேலியின் ஆட்களுக்குப் பாடிக் காட்டியே அந்த ஒலியை உருவாக்கியதாகக் கேப்ளர் பின்னாளில் சொன்னார். பாணி அதே கூடாரத்தில் இருந்தது. அதை உருவாக்கிய நாற்பத்தைந்து வயதுக் கறுப்பினக் கலைஞர் வெளியே இருந்தார். வானொலியும் விற்பனையும் நிறம் பார்த்துப் பிரிந்திருந்த நாட்டில் இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழந்தட்டு எழுதியது:

அவர் தம்மை வைத்துக்கொண்ட இடமும் கேட்டவர்கள் அவரை வைத்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லி என் நிலையில் நிற்கிறேன். வீழ்ச்சி என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பயன்படுத்தலாம். 1956இல் மெர்க்குரி நிறுவனத்துக்காக, இளைஞரான குயின்சி ஜோன்ஸின் இசையமைப்பில் பழைய பாடல்களை அவர் மறுபடி பதிவு செய்தார். மிக்கி பேக்கரின் கித்தாரோடு வந்த அந்தத் தட்டுகள் அன்றைய எந்த ராக் அண்ட் ரோல் தட்டுக்கும் சளைத்தவையல்ல. 1960களில் ரே சார்ல்ஸ் தம் டேஞ்சரின் நிறுவனத்தில் அவரைப் பாட வைத்தார். 1962இல் இங்கிலாந்து சென்று கிறிஸ் பார்பரின் குழுவோடு பதிவு செய்தார். 1973இல் பிரான்ஸின் பிளாக் அண்ட் ப்ளூ நிறுவனத்துக்காகவும் வாசித்தார். 1975 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் மாரடைப்பால் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் 1987இல் அவரைச் சேர்த்தது. அவருடைய பாடல்களை வைத்துக் கிளார்க் பீட்டர்ஸ் உருவாக்கிய 'ஃபைவ் கைஸ் நேம்ட் மோ' இசைநாடகம் 1990இல் லண்டனிலும் 1992இல் பிராட்வேயிலும் அரங்கேறியது. இரண்டையும் காண அவர் இல்லை.

முல்லைத்தேர் எழுதியது:

புதிதாகக் கேட்க விரும்பும் ஒருவருக்கு எதை முதலில் தருவீர்கள்? என் வீட்டில் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

வெண்கலக்குழல் எழுதியது:

முதலில் 'சாட்டர்டே நைட் ஃபிஷ் ஃப்ரை', அதுவும் தட்டின் இரு பக்கங்களையும் சேர்த்த முழு வடிவத்தில். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தக் கதையில் குழு ஓரிடத்தில்கூடத் தளர்வதில்லை. அடுத்து 'பீன்ஸ் அண்ட் கார்ன் பிரெட்'. இரண்டு உணவுப் பண்டங்கள் சண்டையிட்டுச் சமாதானமாகும் கதை அது. தேவாலயப் பிரசங்கத்தில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை மறுவரி சொல்லும் முறையில் குழுவினர் அவருக்குப் பதில் கொடுப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சொற்கள் புரியாதவர்களாக இருந்தால் 'சூ சூ ச் பூகி'யிலிருந்து தொடங்கலாம். பியானோவும் சாக்சபோனும் அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடும். அவர் எந்த வரிசைக்கு உரியவர் என்பதைக் கேட்டு முடித்த பிறகு அவர்களிடமே கேட்டு இங்கே எழுதுங்கள்.